இந்த வருஷம் விழுந்தீங்களா?

மருத்துவப் பல்கலைக்கழகத்தில் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லோருடைய கணினிக்கும் ஒரு செய்திமடல் வரும். மேலே செய்திகள்: யாருக்கு விருது, எந்த ஆய்வுக்கு நிதி, யார் எங்கே பேசப் போகிறார். கீழே வேலைவாய்ப்புகள். நாளெல்லாம் போனில் பேசுவதே வேலை என்பதால் எல்லோரும் ‘போன் அக்கா’ என்று கூப்பிடும் அவள் அதைச் சாவகாசமாக, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் திறப்பாள். தன்னைப் பற்றி அதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற எண்ணம். அன்றைக்கு வந்திருந்தது. ‘இருபத்திரண்டு ஆண்டு எலும்பு ஆய்வு இனிதே நிறைவு’ என்று நான்காவது செய்தி. அதை நடத்தும் பேராசிரியர் சிரித்தபடி நிற்கும் படம் வேறு.

அவள் வேலை பார்ப்பது அந்த ஆய்வில்தான். இன்னும் மூன்று மாதத்தில் அது மூடப்படுகிறது என்பதை ஊரோடு சேர்ந்து அவளும் படித்துத் தெரிந்துகொண்டாள்.

இருபத்தொன்பது வயதில் அந்த வேலைக்கு வந்தவள். ஐம்பதைத் தாண்டிய இரண்டாயிரம் பேரை ஆய்வில் சேர்த்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுப் பதினொரு கேள்வி கேட்க வேண்டும். முதல் கேள்வி, “இந்த வருஷம் எங்கயாவது விழுந்தீங்களா?” ஆரம்பத்தில் கூப்பிட நான்கு பேர் இருந்தார்கள். பட்டியலில் ஆள் குறையக் குறைய அறையிலும் ஆள் குறைந்தது. இப்போது பட்டியலில் அறுநூற்றுச் சொச்சம் பேர், அறையில் இவள் ஒருத்தி. கீழ்த்தளத்தில், ரத்த மாதிரிகளை உறையவைக்கும் பெட்டிகளுக்குப் பக்கத்து அறை. ஜன்னல் வழியே வெளியில் நடப்பவர்களின் செருப்பு மட்டும் தெரியும். காதில் மாட்டும் கருவியின் பஞ்சு போய் எத்தனையோ நாளாகிவிட்டது. பழைய துணியைச் சுற்றி ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

மாடியேறிப் பேராசிரியரைப் போய்ப் பார்த்தாள்.

“சார், முடியப் போகுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?”

அவர் முகம் நிஜமாகவே வாடிப்போயிற்று. “உங்ககிட்ட சொல்லிட்டதாவே நெனச்சுட்டு இருந்தேம்மா. எனக்கும் இதோட ஓய்வுதான். அந்த மடல்லயே கீழ பாருங்க, நெறைய வேலை போட்டிருக்காங்க. நான் கடிதம் தர்றேன்.”

கோபப்படலாம் என்றுதான் படியேறினாள். அவரைப் பார்த்தால் அதற்கும் தெம்பு வரவில்லை.

மிச்சமிருந்த வேலை, அத்தனை பேரையும் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டு ஆய்வு முடிந்தது என்று சொல்வது. அதற்கு நான்கு வரி எழுதிக் கொடுத்திருந்தார்கள். நன்றி, தகவல்கள் பத்திரமாக இருக்கும், இனி அழைப்பு வராது, வணக்கம். சிலர் “சரிம்மா” என்று வைத்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் அந்த நான்கு வரியையும் கேட்டுவிட்டு, இரண்டாவது வரியில் இலக்கணப் பிழை இருப்பதாகச் சொன்னார். ஒரு வீட்டில் மருமகள் எடுத்து, “மாமா போன மாசம் தவறிட்டாங்க. நீங்க கூப்பிடுவீங்கன்னு சொல்லிட்டே இருந்தாரு” என்றாள். தேதியையும் காரணத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியது விதி. கேட்டுக் குறித்துக்கொண்டாள். அப்புறம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் தையல்காரர்தான் அவளைத் திணறடித்தார். எண்பத்தொரு வயது.

“இனிமே கூப்பிட மாட்டியா?”

“இல்லீங்கய்யா. ஆராய்ச்சி முடிஞ்சுடுச்சு.”

“அப்போ இனிமே விழுந்தா கணக்குல சேராதா?”

சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“வருஷா வருஷம் நீ கேப்பியேன்னுதாம்மா கைப்பிடியைப் பிடிச்சு எறங்குறேன். எங்கிட்ட இதெல்லாம் வேற யாரு கேக்குறா?”

நான்கு வரியில் இதற்குப் பதில் இல்லை. “பிடிச்சே எறங்குங்கய்யா. யாரும் கேக்கலன்னாலும்” என்றாள்.

இதற்கு நடுவில் வேலைக்கும் விண்ணப்பித்தாள். விண்ணப்பம் கணினியில். அனுபவம் என்ற கட்டத்தில் இருபத்திரண்டு என்று அடித்தால் ஏற்க மறுத்தது, அதிகபட்சம் பதினைந்துதானாம். ஏழு வருஷத்தைக் கழித்துவிட்டு அனுப்பினாள்.

ஒரே ஒரு நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பிறந்த குழந்தைகளைப் பதினெட்டு வயதுவரை தொடரும் புதிய ஆய்வு. நடத்துபவர் இளம் மருத்துவர், சுறுசுறுப்பான பெண்.

“தாய்மார்கிட்ட பேசணும். உங்க குரல் ரொம்ப நல்லா இருக்கு. கடைசிவரைக்கும் கூட இருப்பீங்கதானே?”

போன் அக்கா மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். “ஒம்பது வருஷம் இருப்பேன் டாக்டர். அப்புறம் அறுபதாயிடும், அனுப்பிடுவாங்க.”

அன்று வீட்டில் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். மோட்டார் பட்டறையில் இருப்பவர், கை கழுவக்கூட இல்லை. “இருப்பேன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே? ஒம்பது வருஷம் கழிச்சு யாரு வந்து கேக்கப் போறா?”

“கேப்பாங்கங்க. அந்த ஆராய்ச்சியே கேக்குறதுக்குத்தானே.”

அந்த வேலை கிடைக்கவில்லை. மறுவாரச் செய்திமடலில், அதற்குத் தேர்வான பெண்ணை வரவேற்று இரண்டு வரி வந்திருந்தது. இவள் படித்துவிட்டு மூடினாள்.

கடைசி நாளில் எண்களையெல்லாம் ஒப்படைத்து, யாரையும் இனித் தனிப்பட்ட முறையில் தொடர்புகொள்ள மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டாள். பேராசிரியர் ஒரு பேனா பரிசளித்தார். அறைச் சாவியை வாங்கிக்கொள்ள ஆள் வரத் தாமதமாகி, பெட்டிகளின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அதே பல்கலைக்கழக மருத்துவமனையில், நோயாளிகளுக்கு வரவேண்டிய நாளை நினைவூட்டும் பிரிவில் இருக்கிறாள். ஒரு அழைப்புக்கு ஒன்றரை நிமிஷம். தாண்டினால் திரையில் ஓரம் சிவக்கும். முதல் வாரம் நாள் முழுக்கச் சிவந்துகொண்டே இருந்தது. மேற்பார்வையாளர் தன்மையாகத்தான் சொன்னார்: “அக்கா, அவங்க கதையைக் கேக்காதீங்க. தேதியைச் சொல்லிட்டு வச்சிடுங்க.” இரண்டாவது மாதத்துக்குள் எழுபது வினாடியில் முடிக்கப் பழகிவிட்டாள். சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் கண் தானாக மூடிக்கொள்கிறது.

தையல்காரரின் எண் அவளுக்கு மனப்பாடம். இருபத்திரண்டு தடவை அடித்த எண், மறக்கவா போகிறது? ஒருநாள் பஸ்ஸில் போனை எடுத்து ஆறு இலக்கம்வரை அடித்தாள். கையெழுத்துப் போட்டது ஞாபகம் வந்தது. ‘இனிமே கூப்பிடுவியா’ என்று அவர் கேட்டால் என்ன சொல்வது, இனி ஒவ்வொரு வருஷமும் கூப்பிடத் தன்னால் ஆகுமா என்றெல்லாம் யோசனை ஓடியது. அதற்குள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட, போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.