இருபது வருஷத்து விஸ்கியும் இல்லாத காயமும்

பெண் வீட்டுக்கு முதன்முதலாகப் போகிற நாளில் விஸ்கி குடித்த மகாபுத்திசாலி இந்தப் பூமியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சத்தியமாகக் குடிக்கப் போகவில்லை. எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் அரைநாள் லீவு கேட்கப் போனேன், அவ்வளவுதான்.

மலாயாவில், பாலோவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது நான் கிராணி, அதாவது குமாஸ்தா. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகை என் பொறுப்பு. பெண்ணின் அப்பா அடுத்த தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர். காயம் கட்டுவதும் மருந்து கொடுப்பதும் அவர்தான். எனக்கு இந்தச் சீமையில் தாய் தகப்பன் இல்லாததால், "மொதல்ல தனியா வாங்க, பேசிப் பாப்போம்" என்று சொல்லியனுப்பியிருந்தார். கூடவே ஒரு கண்டிப்பு: குடிக்கிறவனுக்குப் பெண் கிடையாது. எனக்கோ மாரியம்மன் திருவிழாவில் அந்தப் பெண்ணைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் துரை, "கல்யாணமா!" என்று எழுந்தேவிட்டார். உள்ளே போய் ஒரு போத்தலோடு வந்தார். அவர் பிறந்த தீவிலேயே காய்ச்சியதாம். வேறெதையும் கலக்காமல் இருபது வருஷம் மரப்பீப்பாயில் கிடந்ததாம். "கிராணி, உக்கார்" என்றார். துரைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்ததே பாதி போதை. வேண்டாம் என்றால் துரைக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் லீவு போகும். லீவு போனால் பெண் போகும். வாங்கிக்கொண்டேன்.

தோட்டத்தில் எங்களுக்குக் கிளாசில் ஊற்றிக் கொடுப்பது மலேரியாக் காய்ச்சலுக்கான கசப்புக் கொயினாத் தண்ணீர் ஒன்றுதான். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. அதே பழக்கத்தில் இதையும் மூக்கைப் பிடித்துக் கவிழ்த்தேன். அலமாக்! தொண்டையிலிருந்து தொப்புள்வரை தீபாவளி.

துரை தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ கிராணி! இருபது வருசம்! மெள்ள, மெள்ள!" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினார். பிறகு இன்னொன்று ஊற்றி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, மூக்கிலிருந்து கையை எடுக்கச் சொன்னார்.

எடுத்தேன். அட, என் புகைக் கொட்டகை! அவர்கள் ஊரில் சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து, அதை எரித்துத் தானியத்துக்குப் புகை போடுவார்களாம். புகைக்குப் பின்னாலேயே அயோடின் வாசம் வந்தது, அசல் ஆஸ்பத்திரி. நாக்கில் வைத்தால் உப்பு. விழுங்கினால் தேன். விழுங்கி வெகுநேரம் ஆன பிறகும் வாய்க்குள் புகை சுற்றிக்கொண்டே இருந்தது. வெறும் தேத்தண்ணி நிறத்தில் இருந்துகொண்டு இது இத்தனை வேலை பண்ணுகிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவே இல்லை.

சைக்கிள் தானாகவே போயிற்று. வழியெல்லாம் ரப்பர் மரங்களுக்கு வணக்கம் சொன்னேன்.

டிரெசர் வீட்டில், வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். வாசம் தெரியாமலிருக்க வழியில் போட்டிருந்த வெற்றிலையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் குனிந்து முகர்ந்தார். என் உயிர் பாதி போயிற்று.

"என்ன தம்பி, அயோடின் வாசம் அடிக்குது? சைக்கிள்ல விழுந்துட்டீங்களா? எங்க காயம்?"

சாமியே கைகொடுத்தது என்று நினைத்தேன். "ஆமாங்கய்யா. முட்டியில."

"காட்டுங்க."

காயம் என்றால் பார்க்காமல் விடுகிற மனிதரா அவர்? என் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து வேட்டியை விலக்கினார். ஒன்றுமில்லை. "அப்ப இந்தக் காலா?" என்று இடதையும் தூக்கினார். கொசுக்கடி மட்டும் இருந்தது. கதவுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், நான் அடக்கி வைத்திருந்ததும் பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது.

"மாமா, காயமெல்லாம் இல்ல. குடிச்சிட்டேன். துரை ஊத்துனாரு. ரெண்டு கிளாஸ். சும்மா சொல்லக்கூடாது மாமா, ரொம்ப நல்லாயிருந்துச்சு. அதுல என் கொட்டாயும் இருக்கு, உங்க ஆஸ்பத்திரியும் இருக்கு! பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு பயந்துதான் பொய் சொன்னேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. தவளை தன் வாயால் கெட்டது. சிரித்துக்கொண்டிருந்த கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அவள் வேண்டும், அவளைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். கைக்கு வந்த காரியத்தை நானே கெடுத்துக்கொண்டேன்.

அவர் என் காலை மெதுவாகக் கீழே இறக்கினார். "மூத்தவளைக் கட்டுனவன் நாலு வருசமா தள்ளாடிக்கிட்டே வந்து, 'போத்தலத் தொட்டதே இல்ல மாமா'ங்கிறான்" என்றார். அது கோபமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கதவுப் பக்கம் திரும்பினார். "ஏம்மா, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான நிக்கிற? நீயே சொல்லு."

உள்ளே சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

"குடிச்சா இவருக்குப் பொய் நிக்காதுன்னு தெரிஞ்சுபோச்சுப்பா. குடிக்காதப்ப எப்படின்னு பாக்க வேணாமா? நாளைக்கும் வரச் சொல்லுங்க."