சாப்பாட்டுத் துவக்கு

கனடாவில் வடக்கே முயல் வேட்டைக்குப் போவது எப்படி என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நான் ஒரேயொரு முறைதான் போயிருக்கிறேன். 1995 நொவெம்பரில். துவக்கு, அதாவது துப்பாக்கி, வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதைப் பதியவேண்டும் என்று அரசாங்கம் சொல்லி, நாடே வாய் கிழியக் கத்திக்கொண்டிருந்த நேரம். வேட்டைக்காரன் நானில்லை, என் நண்பன் யோகன். நான் கார் வைத்திருந்தவன், அவ்வளவுதான்.

யோகன் வன்னியில் வேட்டை இறைச்சி தின்று வளர்ந்தவன். இங்கே சோதனை எழுதி லைசென்ஸ் எடுத்து, ஒரு துவக்கு வாங்கத் துடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி சாந்தி விடவில்லை. அவளுடைய தம்பி யாழ்ப்பாணத்தில் சூடுபட்டுச் செத்தவன். சென் ஜேம்ஸ் ரவுணில் அவர்கள் வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம் இதே கதைதான்.

“அது ஆமியின்ரை துவக்கு. இது சாப்பாட்டுத் துவக்கு, சாந்தி.”

“சத்தம் ஒண்டுதானே.”

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. இந்த முறை இரவல் துவக்கு. இறைச்சி வீட்டுக்கு வரலாம், துவக்கு வரக்கூடாது. சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, வாங்குவதா இல்லையா என்று அவள் சொல்லுவாள்.

காலை ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறி, பாரி நகரம் தாண்டி, பிறகு 11ஆம் நெடுஞ்சாலை. ஹன்ற்ஸ்வில் வரை ஏறத்தாழ 220 கிலோமீற்றர். போக வரப் பெற்றோலுக்கு இருபத்தைந்து டொலர். அங்கே யோகனோடு முன்பு வேலைசெய்த டேவ் துவக்கோடு காத்திருந்தார். காட்டுக்குள் நடந்த நேரமெல்லாம் அரசாங்கத்தைத் திட்டினார். குளிர்காலம் முழுக்கத் தன் வீட்டில் மான் இறைச்சிதான், இதற்கு ஏன் பதிவு என்று கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சாந்தி சொன்னதிலும் இருந்தது. அதுதான் கரைச்சல்.

அந்தப் பக்கத்து முயல்கள் குளிர்காலத்துக்கு வெள்ளையாக மாறிவிடும். அந்த முறை பனி பிந்திவிட்டது. காய்ந்த சருகுக்குள் ஒரு முயல் வெள்ளைவெளேரென்று குந்தியிருந்தது, தன்னை ஒருவருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில். யோகன் சுட்டான். ஓடிப்போய் அதைத் தூக்கியபோது அவன் முகத்தில் இருந்த சந்தோசத்தை, கனடா வந்தபிறகு அன்றுதான் கண்டேன்.

முயல் சுடும் தோட்டாவில் மிளகைவிடச் சின்னச் சின்ன ஈயச் சன்னங்கள் இருக்கும். அவை சிதறி இறைச்சிக்குள் போய்விடும். வன்னியில் பல்லில் கடிபட்டால் துப்பிவிட்டுச் சிரிப்பார்களாம். அன்று சாந்தியின் குசினியில் யோகன் ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவித் தடவிச் சன்னம் எடுத்தான். கறியையும் அவனே வைத்தான்.

சாந்தி ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றாள். யோகன் என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அவள் மெல்லுவதை நிறுத்தினாள். வாயிலிருந்து எதையோ எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

“தவறிப்போச்சு, சாந்தி. வடிவாப் பாத்தனான்.”

அவள் கோபப்படவில்லை. “தம்பியின்ரை உடம்பைக் குளிப்பாட்டேக்கை அம்மாவும் சன்னத் துண்டுகளை இப்பிடித்தான் தடவித் தடவி எடுத்தவ. அவவுக்கும் ஒண்டு ரெண்டு தவறியிருக்கும்.”

யோகன் எழும்பிப் போய்க் கை கழுவினான். தண்ணீர் நெடுநேரம் ஓடியது. துவக்கு வாங்கும் கதையைப் பிறகு அவன் எடுக்கவேயில்லை. அவனுக்காகவும் நான் துக்கப்பட்டேன்.

போகிறவர்களுக்கு: விடிய முதல் வெளிக்கிட்டால் 400இல் நெரிசல் இல்லை. மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படச் செம்மஞ்சள் மேலங்கி போடுங்கள். இறைச்சியை நல்ல வெளிச்சத்தில் வைத்துத் தடவிப் பாருங்கள். எவ்வளவு தடவினாலும் ஒன்று தப்பும். அது யாருடைய தட்டில் விழும் என்று போகமுதலே யோசித்துக்கொள்ளுங்கள்.