பதினெட்டு வாப்பாமாரும் ஒரு பாரை மீனும்

ஆங்கில வகுப்பு நடத்தினால் போகப்போகக் கோபம் வரும் என்பார்கள். நான் கோபத்தோடுதான் தொடங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், கத்தார் மீன் சந்தையில் விலை பேசியே ஆங்கிலம் பிடித்தவன். இப்போது கல்முனைக்குடியில் என் வீட்டு முன்னறையில் பதினெட்டுப் பேர் படிக்கிறார்கள். பரீட்சை எழுதி நொந்தவர்களே, வைத்து நொந்தவனையும் கேளுங்கள்!

எல்லாருக்கும் வயல்

"என் தந்தை" பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். முதல் தாள் ரிஃப்னாவுடையது, தொண்ணூற்றைந்து! அடுத்த வியாழன் ஒரு ஹோட்டல் கம்பனி அவளைப் போனில் நேர்முகம் காணப்போகிறது. கிடைத்தால் அவள் வீட்டில் முதல் மாதச் சம்பளம் அதுதான். துள்ளிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தேன். அதிலும் தந்தை, ரிஃப்னா எழுதியது போலவே, சாகாமத்தில் வேளாண்மை செய்கிறார். அதற்கடுத்ததிலும்! பதினெட்டு வாப்பாமாரும் வழிகாட்டிப் புத்தகத்து வயலில் நிற்கிறார்கள். "உன்ட வாப்பா என்ன தொழில் புள்ள?" என்று ரிஃப்னாவிடம் கத்தினேன்.

"கடலுக்குப் போறவர் சேர். ஆனா வயலத்தான் பாடமாக்கின நான்."

மீன் பரீட்சை

தாள்களைத் தூக்கி எறிந்தேன். தினமும் மேசையில் ஒரு பாரை மீன். நான் வியாபாரி, ரிஃப்னா ஆங்கிலத்திலேயே பேரம் பேச வேண்டும். மூன்று நாள் நான் சொன்ன விலைக்கே தலையாட்டினாள். நாலாம் நாள், மீனுக்குக் கண் குழிந்துவிட்டது, பாதி விலையே அதிகம் என்று தொடங்கினாள் பாருங்கள்! பிழை பிழையாக, ஆனால் நிற்காத ஆங்கிலம்! என் மீனைக் குறை சொன்னதும் எனக்கு ஏறிவிட்டது. "விடிய வாங்கின மீன், வாய்க்கு வந்தபடி கதைக்காத!" என்று பாய்ந்தேன்.

"சேர் தமிழ்ல கதைச்சிட்டீங்க. நீங்க பெயில்."

பிறை தெரிந்தால்

வியாழன் காலை முன்னறையிலேயே போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியில் அந்த ஹோட்டல் கம்பனி மனுசன், திங்கட்கிழமை தொடங்கலாமா என்றார். நான் துள்ளி எழும்பி, ஓம் சொல்லு என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவளோ முடியாது என்றாள்! நோன்புப் பெருநாள் வருகிறதாம். என்றைக்கு என்று கேட்டார். பிறை தெரிந்தால் திங்கள், தெரியாவிட்டால் செவ்வாய், அதை வானம்தான் சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். மனுசன் வாய்விட்டுச் சிரித்து, சரி, அடுத்த வியாழன் தொடங்குங்கள் என்றார்.

"வேலை போயிருந்தா என்ன செய்வாய்?" என்று கத்தினேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பிறையப் பத்தி இங்கிலீசுல சொல்ல எனக்கு ஏலுமெண்டு இப்பதான் சேர் தெரியும்!"

ஆக, ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் வந்துவிட்டதா என்று அறிய, 'முடியாது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவளை நிறுத்திப் பார்த்தால் போதும். பக்கத்தில் நிற்கிற வாத்தியாருக்குத்தான் நெஞ்சு பலமாக இருக்க வேண்டும்.