ஆயில் அக்கா கார் ஓட்டக் கற்றது

புட்டியின் மூடியைத் திருகியதும் முதலில் மூக்குக்குக் கொண்டுபோவார். ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பது அதற்குப் பிறகுதான். "பெட்ரோல் இறங்கியிருக்கு," என்பார். அடுத்த புட்டி. "இது நல்ல வீட்டுப் பிள்ளை." அடுத்தது. "ஐயோ பாவம்." அந்த ஐயோ பாவம் எஞ்சினுக்கு, வண்டிக்காரருக்கு அல்ல.

லாரி, பஸ், ஜெனரேட்டர், படகு என்று எதில் ஓடித் தேய்ந்த எண்ணெயாக இருந்தாலும், உள்ளங்கையில் அடங்கும் புட்டியில் மை போலக் கறுத்து இந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து சேரும். இங்கே எல்லோருக்கும் அவர் 'ஆயில் அக்கா'. மேலாளருக்கும் அக்காதான். மேலாளர் அவரைவிட மூத்தவர் என்பதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

வடிதாளில் ஒரு சொட்டு விடுவார். நல்ல எண்ணெய் வட்டம் வட்டமாகப் பரவும். கெட்டது விழுந்த இடத்திலேயே கறுப்புப் பொட்டாக உட்கார்ந்துவிடும். சூடான தட்டில் இன்னொரு சொட்டு. தண்ணீர் கலந்திருந்தால் படபடவென்று பொரியும். மிச்சத்தைப் பெரிய மெஷினில் ஊற்றினால் இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று அது சொல்லிவிடும். எந்த உலோகம் கூடியிருக்கிறதோ அந்த உலோகத்தால் ஆன பாகம் எஞ்சினுக்குள் தேய்கிறது என்று பொருள். முடிவைப் போனில் சொல்லும்போது அக்காவின் குரல் ஏறாது, இறங்காது. "உங்க பேரிங் போகுதுங்க. இன்னும் போகல. போய்க்கிட்டு இருக்கு." மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதையும் கூடத்தில் இதே குரலில்தான் அறிவித்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் தன் வருத்தத்தைத் தெரிவித்துக்கொண்டார்.

இவ்வளவு தெரிந்தவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. தேவையும் இருந்ததில்லை. காலையில் கொண்டுவந்து விடுவதும் மாலையில் வந்து கூட்டிப்போவதும் வீட்டுக்காரரின் வேலை. அந்த வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வாய்க்குக் கொண்டுபோன கை பாதி வழியில் நிற்க, அப்படியே உறைந்துபோனார். கொஞ்ச நேரம் கழித்து எதுவும் நடக்காததுபோல் சாப்பாட்டைத் தொடர்ந்து, "ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார். வலிப்பில் இது ஒரு வகை என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, இனி வண்டி ஓட்டக்கூடாது என்றார். வீட்டுக்காரர் மாத்திரையைப் பற்றி மட்டும் நிறையக் கேள்வி கேட்டார்.

அதன் பிறகு தினமும் காலையில் காரைத் துடைப்பார். துடைத்து முடித்ததும் உள்ளே ஏறி உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே ஓடவிடுவார். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கும். எதிரே சுவர்.

"சும்மா நிக்க வச்சு ஓடவிட்டா ஆயில் கெட்டுப்போகும்," என்றார் அக்கா.

"அதுக்குன்னு அப்படியே போட்டு வைக்கச் சொல்றியா?"

"ஓடணும். நல்லா சூடாகற வரைக்கும் ரோட்டுல ஓடணும்."

"யாரு ஓட்டுவா? உங்க மெஷினா?"

அக்கா அன்று மாலையே டிரைவிங் ஸ்கூலில் பெயரைக் கொடுத்தார். இந்த வயதில் என்ன திடீர் ஆசை என்று அங்கிருந்த வாத்தியார் கேட்டதற்கு, "ஆயில் கெடுது சார்," என்றார். வாத்தியாருக்குப் புரியவில்லை, சேர்த்துக்கொண்டார்.

வாத்தியார் கெட்டிக்காரர். ஸ்டீயரிங்கைத் தொட்டாலே வியர்த்துக் கொட்டுகிறவர்களைக்கூட ஊர்ச் சந்தடிக்குள் ஓட்ட வைத்துவிடுவார். "பயப்படாதீங்கம்மா. நான் செத்தாலும் என் கால் பிரேக்குலதான் இருக்கும்," என்று தன் பக்கத்துப் பிரேக்கைத் தட்டிக் காட்டுவார். ஆனால் அக்காவிடம் அவருடைய வித்தை பலிக்கவில்லை. "கிளட்ச்! கிளட்ச்மா! கிளட்ச்ச்!" என்று மூன்று ஸ்தாயியில் கத்தினாலும், கார் விக்கி நின்ற பிறகுதான் அக்காவின் இடது கால் அங்கே போய்ச் சேரும்.

கால் சரியாகத்தான் இருந்தது. கவனம்தான் காதில் இருந்தது. எஞ்சினின் மேல்பக்கத்திலிருந்து தையல் மெஷின் ஓடுவதுபோல் ஒரு சத்தம். கூடவே காந்தல் வாடை.

"சார், கடைசியா எப்ப ஆயில் மாத்தினீங்க?"

"எதுக்கு மாத்தணும்? குறையக் குறைய ஊத்திக்கிட்டே இருக்கேன்மா. பழசு தானா எரிஞ்சு போயிடும், புதுசு உள்ள தங்கிடும். யோசிச்சுப் பாத்தா நம்ம வண்டில எப்பவும் புது ஆயில்தான்."

அக்கா யோசித்துப் பார்த்தார். அதற்குள் கார் நின்றுவிட்டது.

"கிளட்ச்," என்றார் வாத்தியார், அலுத்துப்போய்.

"ஆயில் விளக்கு எரியவே மாட்டேங்குதே?"

"அது எந்நேரமும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கத்துக்க வர்றவங்க பயப்படறாங்கன்னு பல்பைக் கழட்டிட்டேன்."

அடுத்த வகுப்புக்கு அக்கா மெல்லிய குழாயும் உறிஞ்சியும் கொண்டுவந்தார். "ரத்தம் எடுக்கற மாதிரி எடுக்கறீங்களே, வண்டி மயங்கி விழுந்துடப்போகுது," என்று வாத்தியார் சிரித்தார். எண்ணெய் குழாயில் ஏற மறுத்தது. மிகவும் இழுத்த பிறகு தார்போல் ஒரு வாய் வந்தது. கூடத்தில் அதை முகர்ந்தார். முகர்ந்துவிட்டு, வழக்கமில்லாத வழக்கமாக இன்னொரு முறையும் முகர்ந்தார். வடிதாளில் விட்ட சொட்டு, தாளைச் செங்குத்தாகப் பிடித்தபோதும் அசையவில்லை. சூடான தட்டில் விட்டது வெடித்த வெடியில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். மெஷினில் ஈயமும் செம்பும் எகிறிக் கிடந்தன. அதைச் சொல்லிவிட்டு மெஷினும் அடைத்துக்கொண்டது.

மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். "என்னக்கா இது? ரோட்டுலேருந்து வழிச்சு எடுத்தீங்களா?"

"ரோட்டுலதான் ஓடிக்கிட்டு இருக்கு சார். நான்தான் ஓட்டறேன்."

பரிசோதனை முடிவின் கடைசி வரி, 'இந்த எஞ்சினை ஓட்ட வேண்டாம்'. வாத்தியார் முழுவதையும் பொறுமையாகப் படித்தார். "அழகா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா வண்டியை நிறுத்திட்டு நான் எதுல கிளாஸ் எடுக்கறது?" என்றார். பிறகு பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, அந்தத் தாளிலேயே துடைத்தார்.

இனி அந்தக் காரில் ஏறுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். அங்கே அவருடைய சொந்தக் கார் திரும்பி நின்றுகொண்டிருந்தது. காலையில் சுவரைப் பார்த்து நின்ற கார் இப்போது தெருவைப் பார்த்து நின்றது. பானெட்டில் கை வைத்தார், சுட்டது.

வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நீதானே சொன்ன, நல்லா சூடாகணும்னு."

"நடுவுல அன்னைக்கு மாதிரி வந்திருந்தா?"

"வரலையே."

அக்காவின் குரல் அப்போதும் ஏறவில்லை. ஆனால் கையிலிருந்த பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றார். மறுநாளிலிருந்து கார்ச் சாவி அந்தப் பையில் வேலைக்குப் போய்வந்தது. வீட்டுக்காரர் சாவியைக் கேட்கவில்லை. ஒரு சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. அவர் காரைத் துடைப்பதை விட்டுவிட்டார். பிறகு முகச்சவரம் செய்வதையும் விட்டார். காரின் மேல் புழுதி படிந்தது. அதை இருவரும் பார்த்தார்கள்.

அக்கா வாத்தியாரிடம் திரும்பப் போனார். "டெஸ்ட் சீக்கிரம் வேணும் சார்."

"சீக்கிரம்னா இந்த வண்டிதான் இருக்கு. இன்னொண்ணு வேற ஆளுக்குப் போகுது. உங்களுக்குத்தான் இது ஆகாதே?"

"ஆகாதுதான். இதுலேயே வர்றேன்."

டெஸ்ட் நாளன்று பக்கத்தில் அதிகாரி உட்கார்ந்தார், பின்னால் வாத்தியார். கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே அதிகாரி கீழே பார்த்தார். "கிளட்ச் மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டக்கூடாதும்மா."

"தேவைப்படும் சார்," என்றார் அக்கா.

பெரிய சாலையில் திரும்பியதும் தையல் மெஷின் சத்தத்துக்குக் கீழே புதிதாக ஒன்று கேட்டது. டொக், டொக் என்று, யாரோ அடியிலிருந்து கதவைத் தட்டுவதுபோல. அக்கா இத்தனை வருடமும் அந்தச் சத்தத்தை எண்களாகத்தான் பார்த்திருக்கிறார். காதால் கேட்பது இதுவே முதல் தடவை, ஆனாலும் தெரிந்தது. ஓரத்துக்குப் போக விளக்கைப் போட்டார். பின்கண்ணாடியில் ஒரு பஸ் பெரிதாகிக்கொண்டிருந்தது. டொக் டொக் ஒரே கீச்சலாக மாறிய கணத்தில் இடது கால் தரை வரை இறங்கியது.

எஞ்சின் இறுகி நின்றது. கார் நிற்கவில்லை, சத்தமே இல்லாமல் உருண்டது. ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. அக்கா இரண்டு கையாலும் அதை வளைத்து, ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தார். பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு கடந்துபோனது. பின்னாலிருந்து 'கிளட்ச்' என்ற குரலே வரவில்லை.

"என்னம்மா பண்ணீங்க?" என்றார் அதிகாரி.

"நான் ஒண்ணும் பண்ணல சார். பேரிங் போயிடுச்சு. போகும்னு எழுதிக் கொடுத்திருந்தேன்."

"கிளட்ச் மிதிக்கலைன்னா?"

"சக்கரமும் சேர்ந்து இறுகியிருக்கும். பின்னாடி பஸ்."

அதிகாரி மெதுவாகத் திரும்பிப் பின் இருக்கையைப் பார்த்தார். வாத்தியார் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடிக்கொண்டிருந்தார். அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ரிவர்ஸ் மட்டும் பாக்கி," என்றார். வேறொரு ஸ்கூலின் காரைக் கடன் வாங்கி அக்கா ரிவர்ஸ் எடுத்துக் காட்டினார். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. பாஸ்.

வாத்தியாரின் எஞ்சினை மெக்கானிக் பிரித்தபோது அக்காவும் போயிருந்தார். அடியிலிருந்து கறுப்புக் களியைக் கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். வாத்தியார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தார். "பழசு எரியவே இல்லையேம்மா," என்றார், நம்பிய ஆள் கைவிட்டதுபோல. "இனிமே வண்டிங்களோட ஆயிலை உங்ககிட்டயே கொண்டுவர்றேன்." அக்கா சரி என்றார்.

உரிமம் கைக்கு வந்த நாளன்று வீட்டில் சாவியை மேசைமேல் வைத்து, "கிளம்புங்க," என்றார்.

"எங்க?"

"எங்கயாவது. பேட்டரி இறங்கிடும்."

வீட்டுக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். கால் பழகிய பக்கமே போனது. ஓட்டுகிறவரின் கதவைத் திறந்துவிட்டார். திறந்த பிறகுதான் தெரிந்தது. கதவைப் பிடித்தபடி நின்றார். பின்னாலேயே வந்த அக்காவும் நின்றார்.

அவர் விலகி வழிவிட்டார். அக்கா உள்ளே ஏறி உட்கார்ந்து இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் வெளியிலிருந்தே குனிந்து உள்ளே கையை நீட்டி, தன் உயரத்துக்கு இருந்த பின்கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சாய்த்தார், மனைவி "தெரியுது" என்று சொல்லும்வரை.