சிவப்புத் துணி கட்டிய மூங்கில்

எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி மேல் எனக்கு வந்த கோபம் இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் சம்பான் என்கிற சின்னப் படகில் பொந்தியான் ஆற்று முகத்துவாரத்துக்கு உல்லாசமாகப் போனோம். சேற்றில் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் ஒன்று நின்றது. பிடுங்கியது நான்தான். கரையேறி, அதை எரித்துத் தேநீர் காய்ச்சிக் குடித்தோம்.

திரும்பும்போது தண்ணீர் வற்றியிருந்தது. வழி தெரியாமல் சேற்றில் மாட்டிக்கொண்டோம். அந்தப் பக்கம் வந்த மலாய் மீனவர் இடுப்பளவு சேற்றில் இறங்கி, எங்கள் சம்பானைத் தள்ளிவிட்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, மலாயில் கேட்டார்:

"இங்க நட்டிருந்த கழி எங்க?"

எரித்துவிட்டதைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"ஆழம் எந்தப் பக்கம்னு அதைப் பார்த்துத்தானே எங்க ஆளுங்க படகு விடுவாங்க! பொழுது சாயுது, இப்ப எப்படி வருவாங்க?"

"ஒரு கழிக்கா இந்தக் கத்து கத்துறான்? நாளைக்குப் பத்து வெட்டிக் குடுத்தாப் போச்சு லா!" என்று கிராணி தமிழில் சொல்லிச் சிரித்தார்.

மீனவர் தன் படகைத் தள்ளும் கழியையே அங்கே ஊன்றி, தலைத்துணியை அவிழ்த்து அதில் கட்டினார்.

கிராணியைப் பளாரென்று அறைந்திருக்க வேண்டும். என் வயிற்றிலும் அதே தேநீர்தான் இருந்தது, வாயே திறக்கவில்லை.