கலியாண வீடியோவும் கொதித்துப்போன கணினியும்

இரண்டு வருடங்களுக்கு முந்திய வைகாசி மாதம் அது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முன்னறைக்குள் செம்புழுதி வாடகை கொடுக்காமலே குடியிருக்கும். அந்த அறைதான் எங்களுடைய தொழிற்கூடம். கணவர் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கப் போவார். அதை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போடுவது என் வேலை. கடைசியில் துண்டுகளையெல்லாம் ஒரே வீடியோவாக்கித் தருவது கணினியின் வேலை. ரெண்டர் என்று சொல்வோம். அது முடியும்வரை பேசாமல் காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை மட்டும் எனக்குக் கிடையாது.

அன்று ரெண்டர் ஆகிக்கொண்டிருந்தது அக்கராயனில் நடந்த ஒரு கலியாணம். பொம்பிளையின், அதாவது மணப்பெண்ணின், தாய் பேருந்தேறி வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவருடைய மகன் ஜேர்மனியில். விசாச் சிக்கலால் அக்காவின் கலியாணத்துக்கு வர முடியவில்லை. அது போதாதென்று இருதயத்தில் கோளாறு, மறுநாள் காலை சத்திரசிகிச்சை. அதற்கு முன் கலியாணத்தை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்று மகன் ஒற்றைக்காலில் நின்றாராம்.

"அவன் பார்த்திட்டுப் போகட்டும் பிள்ளை" என்றார் அந்த அம்மா.

கணினியோ ஆமை வேகத்தில் ஊர்ந்தது. இத்தனைக்கும் இந்த வேலை வேகமாக நடக்கட்டும் என்றுதான் புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்ட் வாங்கிப் போட்டிருந்தோம். முதலில் குதிரை மாதிரிப் பாயும், கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். நானும் மென்பொருளைப் புதுப்பித்தேன், அமைப்புகளை மாற்றினேன், மற்ற எல்லாவற்றையும் மூடினேன். ஒன்றும் சரிவரவில்லை. கார்ட் விற்ற கடைக்காரரை மனதுக்குள் நல்லாகத் திட்டித் தீர்த்தேன்.

ரெண்டர் ஆகும் காட்சி திரையில் ஓடும். அன்று ஓடவில்லை, நின்று நின்று நகர்ந்தது. தோழன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்துவரும் இடம் வந்தது. எங்கள் வழக்கத்தில் அது பொம்பிளையின் சகோதரன் செய்யும் முறை. மகன் இல்லாததால் சித்தப்பாவின் பெடியன் அதைச் செய்தான். அவனுக்குப் பின்னால் அந்த அம்மா, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். சாதாரண வேகத்தில் போயிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. நானே எத்தனையோ தரம் பார்த்தும் கவனிக்காத காட்சி. அன்று அந்த அழுத முகம் திரையில் அப்படியே நின்றது.

அவர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"பிள்ளை, நான் அழுறதை வெட்டிப்போடுங்கோ. நாளைக்கு ஒப்பரேசனுக்குப் போற பிள்ளை. உதைப் பார்த்தா உடைஞ்சு போவான்."

"ஐயோ அன்ரி! வெட்டினா முதல்ல இருந்தெல்லோ துவங்கவேணும்! இருட்டினாலும் முடியாது!"

எரிந்து விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கையைப் பிசைந்துகொண்டு என்னையே பார்த்தார். எனக்கு நெஞ்சு கேட்கவில்லை. அவர் அழும் இடங்களை வெட்டி, வேறு பக்கமிருந்து எடுத்த காட்சிகளைப் போட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். பழையபடி சிறிது நேரத்தில் படுத்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அறையில் இருந்தது ஒரே ஒரு மின்விசிறி. வேர்த்து ஒழுகுகிறாரே என்று அதை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். அவர் எழுந்து போய் அதைக் கணினிப் பக்கம் திருப்பினார்.

"எனக்கு வேண்டாம் பிள்ளை. அது பாவம், விடியத் தொடக்கம் இரையுது. அதுக்கும் வேர்க்கும்தானே."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் திரையைப் பார்த்தால் வேகம் ஏறுகிறது! திடுக்கிட்டுக் கணினியின் பின்பக்கம் கையை வைத்தேன். அடுப்புத்தான். புழுதி போகாமலிருக்க நானே ஆசை ஆசையாகக் கரை வைத்துத் தைத்துப் போட்ட துணி உறை, சூடு வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. தொலைக்காட்சிக்கும் தையல் இயந்திரத்துக்கும் சட்டை தைத்துப் போடும் நாங்கள், கணினியை மட்டும் சும்மா விடுவோமா? சூடு கூடினால் கார்ட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடுமாம், பிறகுதான் படித்தேன். உறையை இழுத்தெறிந்து பக்கப் பலகையையும் கழற்றி வைத்தேன். அந்த அம்மா வேர்க்க வேர்க்கப் பக்கத்திலேயே இருந்தார்.

பொழுதுபடுவதற்குள் வீடியோவை அனுப்பிவிட்டோம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது அவர் என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உடம்பு தேறியதும் அந்த மகன் நன்றி சொல்ல எனக்குத் தொலைபேசி எடுத்தார். வீடியோ நல்லாயிருந்தது என்றார். பிறகு சற்றுத் தயங்கிக் கேட்டார்.

"அக்கா, தோழன் கால் கழுவுற இடத்தில அம்மாவைக் காணேல்லை. வெட்டிப் போட்டீங்கள், என்ன?"

அவரே தொடர்ந்தார்.

"நான் நிக்கவேண்டிய இடத்தில இன்னொருத்தன் நிக்கேக்கை அவா அழாமல் இருந்திருப்பாவே? ஆனா நீங்கள் அவாவுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. அம்மா சிரிச்சபடிதான் நிண்டவா, பார்த்தனான் எண்டு நான் அவாட்டையே சொல்லிட்டன்."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அந்த அம்மாவிடம் இன்றுவரை நான் வாய் திறக்கவில்லை. ஒருவருக்காக ஒருவர் இப்படி மறைத்துக்கொள்வதைப் பொய் என்று சொல்ல, அன்றைக்குப் பிறகு எனக்கு வாய் வருவதே இல்லை.