விரத நாளில் நான் காட்டிய மேதாவித்தனம்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். எங்கே விபத்து நடக்கும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால், எங்கள் ஏரியாவிலிருந்து சபரிமலைக்கு பஸ்ஸில் கிளம்பும் சாமிகளின் உடல்நிலையை விசாரித்துப் பட்டியல் போடும் வேலையைக் குருசாமி என் தலையில் கட்டினார். மலையேறும்போது நெஞ்சு வலித்துச் சாய்பவர்களைப் பற்றி ஒவ்வொரு வருடமும் கேள்விப்படுகிறோமே. எனக்கோ பெருமை தாங்கவில்லை. வயது, வியாதி, மருந்து, ரத்த அழுத்தம் என்று கட்டம் போட்டு அமர்க்களப்படுத்தினேன்.

அந்த நாட்களில் ஒரு சாயங்கால பஜனை. சுண்டல் சாப்பிட்டபடி விரதச் சுத்தம் பற்றிப் பேச்சு ஓடியது. ஹோட்டல் காபி குடிக்கலாமா, கூடாதா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அதெல்லாம் விடுங்க சாமி. கேப்சூல் மருந்துக்கு மேல ஒரு உறை இருக்கே, அதை மிருக எலும்புல இருந்துதான் செய்யறாங்க" என்று எடுத்துவிட்டேன். எல்லோரும் அடடா என்று வாயைப் பிளந்தார்கள். பக்கத்தில் இருந்த சாமி, எங்கள் தெருக்காரர், லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர், "எல்லா கேப்சூலுமா சாமி?" என்று கேட்டார். பெரும்பாலும் எல்லாமேதான் என்றேன். அத்தோடு அதை மறந்தும் போனேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அந்த லேத் பட்டறைக்காரர் பட்டியலுக்கு விவரம் கொடுத்தார். ஐம்பத்தாறு வயது. முந்தைய வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஒரு கேப்சூல். மலையேறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எழுதிக்கொண்டு டிக் அடித்தேன். இப்போதும் அதைப் போடுகிறாரா என்று கேட்கவில்லை. மாலை போட்டவர் பொய் சொல்ல மாட்டார், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பம்பையிலிருந்து காலையில் ஏறத் தொடங்கினோம். செங்குத்தான ஏற்றத்தில் அவர் இருமுடியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. ஸ்ட்ரெச்சரில் வைத்து வழியிலிருந்த மருத்துவ முகாமுக்குத் தூக்கிப் போனார்கள். நான் ஓடிப்போய் என் பட்டியலை நீட்டினேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, கடைசியாக எப்போது மருந்து போட்டார் என்று கேட்டார். அது என் பட்டியலில் இல்லை. அவரே திணறித் திணறிப் பதில் சொன்னார்.

"மூணு வாரமா போடல டாக்டர். விரதம். எலும்புல செய்யறதாமே... நல்லவேளை, இந்த சாமிதான் சொன்னாரு."

நல்லவேளையாம்! அடுத்த அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிட வேண்டும் என்று. அவர் மனைவி உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"எனக்குத் தெரியும் சார். அப்பவே சொன்னாரு. மருந்தை மட்டும் நிறுத்தாதீங்கன்னு சண்டை போட்டேன். 'உனக்கு என்னடி தெரியும், பெரிய கம்பெனி சேஃப்டி ஆபீசரே சொல்லிட்டாரு'ன்னாரு. படிச்சவங்க சொன்னா சரியாத்தான இருக்கும்னு நானும் விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது சார். தப்பு என் மேலதான்."

அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். "இல்லம்மா, தப்பு என்னுது" என்று அழுதேன். அவர் கேட்கவே இல்லை. அதன் பிறகும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இப்போதும் வருடா வருடம் பட்டியல் போடுகிறேன். ஒவ்வொரு சாமியிடமும் நேரில் உட்கார்ந்து, மருந்தை விடாமல் போடுகிறாரா என்று கேட்கிறேன். ஆனால் என் வாய்க்கொழுப்பு கொண்டுபோன உயிருக்கு, அந்தப் பெண்மணி தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு எங்கள் தெருவில் தலைகுனிந்து நடந்து போவதைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைக்கிறேன்.